கடலோர வீட்டுக்கு ஸ்டீல் படிக்கட்டு: உலோகத்துக்கு முன்னால் உப்பைப் பாருங்கள்

கடலுக்குப் பக்கத்தில் வீடு கட்டுகிறவர்கள், வெளிப் படிக்கட்டை ஸ்டீலில் செய்யலாம் என்று முடிவெடுத்ததும் கேட்கும் முதல் கேள்வி "304 போதுமா, 316 போடணுமா, இல்லை சாதாரண இரும்பில் செய்து நல்ல பெயின்ட் அடித்தால் ஆகாதா" என்பதுதான் (304, 316 இரண்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வகைகள்). கேள்வியில் தப்பில்லை. ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது, அதைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை: இந்தப் படிக்கட்டில் உப்பு எங்கெங்கே போய் உட்காரும், உட்கார்ந்த உப்பை எது கழுவும்? மழையா, வீட்டுக்காரர் பிடிக்கும் தண்ணீர்க் குழாயா, இல்லை எதுவுமே கிடையாதா? இதற்குப் பதில் தெரியாமல் உலோகத்தின் பெயரை மட்டும் பார்த்து வாங்கினால், விலை கூடிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் சில மாதங்களிலேயே பழுப்பேறி நிற்கும். பதில் தெரிந்து வடிவமைத்தால், உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த சாதாரண இரும்பே பல வருடம் உழைக்கும்.

உப்பு என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் காற்றும் போதும், உப்பு வேண்டியதே இல்லை. ஆனால் கடலோரத்தில் அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றோடு பறந்து வந்து எதில் மோதுகின்றனவோ அதிலேயே படிந்துவிடுகின்றன. நீர் உலர்ந்துவிடும், உப்பு அங்கேயே இருக்கும். அந்த உப்பு காற்றில் இருக்கும் ஈரத்தைத் தானாக இழுத்துக்கொள்ளும். சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினாலே கரைந்து உப்புநீராகிவிடும். கடலுப்பில் கொஞ்சம் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது, அதற்கோ சுமார் 33 சதவீதமே போதும். அதனால் கண்ணுக்குக் காய்ந்து தெரியும் கம்பியும் கடலோரத்தில் நாளின் பெரும்பகுதி ஒரு மெல்லிய உப்புநீர்ப் படலத்தோடுதான் இருக்கிறது. துருப்பிடித்தல் என்பது அடிப்படையில் ஒரு மின்வேதி வினை, உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், ஆகவே வேகம் கூடுகிறது. போதாததற்கு, உலோகம் தன்னைக் காத்துக்கொள்ள மேலே வளர்த்து வைத்திருக்கும் ஆக்சைடு படலத்தைக் குளோரைடு அங்கங்கே துளைத்துவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குக் கடலோரத்தில் வரும் தொல்லைக்கெல்லாம் வேர் இதுதான்.

இதிலிருந்து, பலருக்கு நம்பச் சிரமமான ஒரு விஷயம் கிடைக்கிறது. கடலோரத்தில், மழையில் நேரடியாக நனையும் பாகத்தைவிட மழை படாமல் ஒதுங்கியிருக்கும் பாகம்தான் சீக்கிரம் கெடும். மழை வந்தால் மேலே படிந்த உப்பு போய்விடும். கூரை நிழலில், படித்தட்டின் அடிப்பக்கத்தில், சுவருக்கும் கம்பிக்கும் நடுவில் இருக்கும் இரண்டு விரல் இடைவெளியில் மழை எட்டாது, ஆனால் உப்புக்காற்று எட்டும். படிக்கட்டை மழையிலிருந்து காப்பாற்றுகிறேன் என்று மேலே ஒரு ஷீட் போடுகிறவர்கள், தெரியாமல் அதன் ஆயுளைக் குறைத்துக்கொண்டிருக்கலாம். கூரை வேண்டாம் என்று சொல்லவில்லை, கூரை போட்டால் மழை செய்துவந்த வேலையை நாம் செய்தாக வேண்டும்.

சரி, "கடலுக்குப் பக்கம்" என்றால் எவ்வளவு பக்கம்? ஐஎஸ்ஓ 9223 என்ற சர்வதேசத் தரநிலை, ஓர் இடத்தின் காற்று உலோகத்தை எவ்வளவு அரிக்கும் என்பதை சி1 முதல் சி5 வரை பிரிக்கிறது, அதற்கும் மேலே சிஎக்ஸ் என்று ஒரு படி வைத்திருக்கிறது. பூச்சில்லாத இரும்பு முதல் வருடத்தில் இழக்கும் கனம், சி3 இடத்தில் 25 முதல் 50 மைக்ரான், சி4 இல் 50 முதல் 80, சி5 இல் 80 முதல் 200, சிஎக்ஸ் இல் 200 முதல் 700 மைக்ரான். ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர். 2 மில்லிமீட்டர் கனமுள்ள பாக்ஸ் பைப்பில் படிக்கட்டு செய்து சி5 இடத்தில் நிறுத்தி, பெயின்ட் உரிந்த இடம் வெளியிலும் உள்ளேயும் அரிக்க ஆரம்பித்தால் அது எவ்வளவு நாள் தாங்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். முதல் வருடத்துக்குப் பிறகு வேகம் கொஞ்சம் குறையும் என்பது உண்மை. ஆனால் இந்த எண்கள் எல்லாம் சராசரி. நிஜத்தில் துரு சமமாகத் தின்பதில்லை, ஒரு வெல்டிங் ஓரத்தையோ ஒரு மூலையையோ பிடித்துக்கொண்டு அங்கேயே குழி பறிக்கும்.

தூரம் எவ்வளவு வித்தியாசம் செய்யும் என்பதற்கு ஒரு நல்ல சான்று இருக்கிறது. அமெரிக்காவின் வட கரோலினாவில் கியூரி பீச் என்ற கடற்கரையில் 1930களிலிருந்து உலோகத் துண்டுகளைத் திறந்தவெளியில் வைத்துச் சோதித்து வந்திருக்கிறார்கள். கடலிலிருந்து சுமார் 25 மீட்டரில் ஒரு திடல், சுமார் 250 மீட்டரில் இன்னொரு திடல். ஒரே இரும்பு, ஒரே ஊர், ஒரே வெயில், ஆனால் முதல் திடலில் அரிப்பு பல மடங்கு வேகம். முதல் சில நூறு மீட்டரில்தான் உப்பின் அளவு செங்குத்தாக இறங்குகிறது. அதற்காக அரை கிலோமீட்டர் தள்ளி இருப்பவர் நிம்மதியாகிவிட முடியாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பழுப்பேறுவதைப் பற்றி ஆஸ்திரேலிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துறைச் சங்கம் தரும் வழிகாட்டல், அலையடிக்கும் கடற்கரை என்றால் சுமார் 5 கிலோமீட்டர் வரை, அலையில்லாத அமைதியான நீர்ப்பரப்பு என்றால் சுமார் 1 கிலோமீட்டர் வரை எச்சரிக்கையாக இருக்கச் சொல்கிறது. காற்று எந்தப் பக்கமிருந்து அதிகம் வீசுகிறது, நடுவே மரங்களோ கட்டடங்களோ மறைக்கின்றனவா என்பதைப் பொறுத்து இது கூடும், குறையும்.

கருவி எதுவும் இல்லாமல் உங்கள் இடத்தை மதிப்பிட ஒரு வழி உண்டு. அக்கம்பக்கத்தில் ஏற்கெனவே நிற்கும் இரும்பைப் போய்ப் பாருங்கள். ஜன்னல் கிரில்லின் மேல்பக்கத்தைப் பார்க்காதீர்கள், அடிப்பக்கத்தைப் பாருங்கள். கேட் கீல், ஏசி வெளி யூனிட்டைத் தாங்கும் பிராக்கெட், மின்சார மீட்டர் பெட்டியின் ஸ்க்ரூ, இவை எத்தனை வருடத்தில் இந்த நிலைக்கு வந்தன என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். எந்த அட்டவணையையும்விட அது நேரடியாகச் சொல்லும்.

இப்போது உலோகங்களுக்கு வரலாம். முதலில் சாதாரண இரும்பும் பெயின்டும். வெல்டிங் முடிந்ததும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ஒரு கோட் ரெட் ஆக்சைடு, மேலே இரண்டு கோட் எனாமல் என்பது உள்நாட்டு ஊர்களில் ஓடும் முறை. கடலோரத்தில் இது ஓடாது. தேய்க்கும்போது போகாமல் தங்கிய உப்பும் துருவும் பெயின்டுக்கு அடியிலேயே வேலையைத் தொடரும், கொஞ்ச நாளில் கொப்புளமாகக் கிளம்பும். பெயின்டை நம்பித்தான் நிற்க வேண்டும் என்றால், இரும்பைப் பிளாஸ்டிங் செய்து (சொரசொரப்பான துகளை வேகமாகப் பீய்ச்சித் தேய்த்து) வெள்ளை உலோகத்துக்குப் பக்கமாகக் கொண்டுவர வேண்டும், எஸ்ஏ 2½ என்று தொழிலில் சொல்வது அதைத்தான். அதன்மேல் துத்தநாகம் நிறைந்த எபாக்சி ப்ரைமர் (அடிக்கோட்), நடுவில் கனமான எபாக்சி, மேலே வெயில் தாங்கும் பாலியூரித்தேன், எல்லாம் சேர்ந்து 250 முதல் 320 மைக்ரான் வரை வர வேண்டும். எபாக்சியை மட்டும் அடித்து விட்டுவிட்டால் வெயிலில் மாவு பூத்துவிடும், அதனால்தான் மேல்கோட்.

பெயின்ட் எப்போதும் முனையில்தான் தோற்கும். ஈரமான பெயின்ட் காயும்போது கூர்மையான விளிம்பிலிருந்து விலகி இழுத்துக்கொள்ளும், தட்டையான இடத்தில் 100 மைக்ரான் இருந்தால் விளிம்பில் அதில் ஒரு பகுதிதான் நிற்கும். ஆகவே வெட்டிய எல்லா முனையையும் சுமார் 2 மில்லிமீட்டர் ஆரத்துக்கு உருட்டிவிட்டு, விளிம்புக்கும் வெல்டிங்குக்கும் போல்ட் துளைக்கும் பிரஷ்ஷால் தனியாக ஒரு கோட் முதலில் கொடுத்துவிட்டுத்தான் முழு கோட் அடிக்க வேண்டும். இதைச் செய்கிறாரா என்று பார்த்தாலே அந்த ஃபேப்ரிகேட்டர் கடலோர வேலை தெரிந்தவரா இல்லையா என்று புரிந்துவிடும். பவுடர் கோட்டிங் (பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கும் பூச்சு) பார்க்க அழகாக இருக்கும், ஆனால் வெறும் இரும்பின்மேல் நேரடியாகப் போட்ட பவுடர் கோட்டிங்கைக் கடலோரப் படிக்கட்டுக்கு நான் சொல்லமாட்டேன். படிக்கட்டு என்பது கால் படுகிற, சாமான் இடிக்கிற இடம். ஒரு கீறல் விழுந்தால் போதும், துரு பூச்சுக்கு அடியிலேயே ஊர்ந்து போய்ப் பாளம் பாளமாகப் பெயர்க்கும்.

அடுத்தது ஹாட் டிப் கால்வனைசிங். செய்து முடித்த இரும்பைச் சுமார் 450 டிகிரி செல்சியஸில் உருகிக் கிடக்கும் துத்தநாகத் தொட்டியில் முக்கியெடுப்பது. துத்தநாகம் மேலே ஒட்டி நிற்பதோடு இரும்போடு கலந்து உலோகக்கலவை அடுக்குகளாகவே ஆகிவிடுகிறது, அதனால் பெயின்ட் மாதிரி உரியாது. கீறல் விழுந்தாலும் பக்கத்திலிருக்கும் துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். ஐஎஸ்ஓ 1461 தரநிலைப்படி 6 மில்லிமீட்டருக்கு மேல் கனமுள்ள இரும்பில் பூச்சு சராசரியாகக் குறைந்தது 85 மைக்ரான் இருக்க வேண்டும், 3 முதல் 6 மில்லிமீட்டர் வரை 70, ஒன்றரை முதல் 3 வரை 55. கனமான இரும்பு வாங்கினால் பூச்சும் கனமாகக் கிடைக்கும் என்பது இதில் மறைந்திருக்கும் லாபம். துத்தநாகம் சி5 இடத்தில் முதல் வருடம் 4.2 முதல் 8.4 மைக்ரான் வரை கரைகிறது. 85ஐ அதால் வகுத்தால் ஏறக்குறைய 10 முதல் 20 வருடம். ஆனால் அலைக்கு எதிரே நிற்கும் சிஎக்ஸ் இடத்தில் இது 8.4 முதல் 25 மைக்ரான் வரை போகும், அங்கே அதே 85 மைக்ரான் பத்து வருடத்தைத் தொடுவதே கஷ்டம்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும், ஏனென்றால் பணம் போவது பெரும்பாலும் இதில்தான். "ஜி.ஐ. பைப்பில்தான் (துத்தநாகம் பூசி விற்கும் இரும்பு பைப்) செய்திருக்கிறோம்" என்று சொல்வதும், செய்து முடித்த படிக்கட்டை முக்கியெடுப்பதும் ஒன்றல்ல. முன்கூட்டியே பூசப்பட்ட தகட்டிலிருந்து வளைத்த பல பைப்புகளில் பூச்சு ஒரு பக்கத்துக்கு 20 மைக்ரான் அளவில்தான் இருக்கும். அதையும் வெட்டி வெல்டிங் செய்யும்போது, வெல்டிங் பட்ட இடத்தில் துத்தநாகம் எரிந்துபோய், மேலே வெள்ளிநிற பெயின்ட் தடவிக் கொடுப்பார்கள். எல்லா இணைப்பும் பலவீனமாகத்தான் தொடங்கும், படிக்கட்டு நிற்பதே இணைப்பில்தான். ஆகவே வரிசை முக்கியம்: முதலில் வெட்டு, வெல்டிங், துளை எல்லாம் முடியட்டும், அப்புறம் தொட்டி, அதன் பிறகு தளத்தில் போல்ட் போட்டுச் சேர்ப்பது மட்டும். தொட்டியின் நீளத்துக்குள் அடங்கும் பாகங்களாகப் பிரித்து வடிவமைக்க வேண்டியிருக்கும். பைப், பாக்ஸ் எல்லாவற்றிலும் காற்றும் துத்தநாகமும் போய்வரத் துளை வேண்டும், மூடிய பைப்பைத் தொட்டியில் இறக்கினால் உள்ளே சூடேறிய நீராவி அதை வெடிக்கவைக்கும். "கோல்ட் கால்வனைசிங்" (குளிர் கால்வனைசிங்) என்ற பெயரில் டப்பாவில் வருவது துத்தநாகப் பொடி கலந்த பெயின்ட். சின்னப் பழுதுக்கு நல்லது, முக்கியெடுப்பதற்கு மாற்று ஆகாது.

முக்கியெடுத்ததன் மேலேயே பெயின்டும் அடித்தால் ஆயுள் இரண்டின் கூட்டுத்தொகையைவிட அதிகமாகிறது, துறையில் பொதுவாக 1.5 முதல் 2.3 மடங்கு என்று சொல்வார்கள். பெயின்ட் துத்தநாகத்தைக் காக்கும், பெயின்டில் விரிசல் விட்டால் அடியில் துரு ஊர்ந்து போகாமல் துத்தநாகம் பார்த்துக்கொள்ளும். ஆனால் சாதாரண எனாமலை நேரடியாகத் துத்தநாகத்தின்மேல் அடிக்கக் கூடாது. எனாமலில் இருக்கும் எண்ணெய்ப்பசை துத்தநாகத்தோடு வினைபுரிந்து சோப்பு போல ஆகி, பெயின்ட் பட்டை பட்டையாகக் கழன்று விழும். லேசாக பிளாஸ்டிங் செய்து சொரசொரப்பாக்கி, துத்தநாகத்துக்கென்று உள்ள எபாக்சி ப்ரைமர் போட்டுத்தான் மேலே போக வேண்டும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் விஷயத்தில்தான் ஏமாற்றம் அதிகம், ஏனென்றால் எதிர்பார்ப்பும் அதிகம். இதில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கும், அது காற்றோடு சேர்ந்து சில நானோமீட்டர் கனத்தில் ஒரு படலம் கட்டிக்கொள்கிறது, கீறினாலும் தானே மூடிக்கொள்ளும். 304 இல் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். 316 இல் இவற்றோடு 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்கிறது, குளோரைடின் துளையை எதிர்ப்பது அதுதான். கடலோரத்தில் வெளிவேலைக்கு 304 வேண்டாம் என்று நான் உறுதியாகவே சொல்வேன். 202 மாதிரியான 200 வரிசை இன்னும் மோசம், நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் போட்டு விலையை இறக்கியது, கடையில் பளபளப்பு ஒரே மாதிரித்தான் தெரியும். காந்தத்தை வைத்து ஒட்டவில்லை என்றால் நல்ல ஸ்டீல் என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது 304 எது, 316 எது என்று சொல்லவே சொல்லாது, 200 வரிசையும் ஒட்டாமல் இருக்கலாம். உருக்காலையின் சோதனைச் சான்றிதழைக் கேளுங்கள், அதிலிருக்கும் ஹீட் எண் (எந்த உருக்கில் வார்த்தது என்று சொல்லும் எண்) பைப்பில் அச்சடித்த எண்ணோடு பொருந்துகிறதா பாருங்கள். பெரிய வேலை என்றால் எக்ஸ்ஆர்எஃப் துப்பாக்கி (எக்ஸ் கதிரால் உலோகத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று காட்டும் கைக்கருவி) வைத்திருக்கும் சோதனைக்கூடத்தைக் கூப்பிட்டு மாலிப்டினம் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம், சில நொடி வேலை.

316 போட்டும் பழுப்பேறுகிறது என்று புலம்புகிறவர்களின் கைப்பிடியைத் தடவிப் பார்த்தால் பாதி விடை அங்கேயே கிடைக்கும். டீக்கறை போலப் படரும் இந்தப் பழுப்பு, மேற்பரப்பு எவ்வளவு வழவழப்பு என்பதைப் பொறுத்தது. சொரசொரப்பான கிரைண்டிங் கோடுகளுக்குள் உப்பு தங்கிவிடும், மழையும் எடுக்காது. மேற்பரப்பின் சராசரிச் சொரசொரப்பு 0.5 மைக்ரானுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது வழக்கமான அளவுகோல். பளபளவென்று மெருகேற்றியதோ மின்மெருகு செய்ததோ நல்லது. கோடு போட்ட மேட் ஃபினிஷ்தான் வேண்டும் என்றால் நுண்ணிய பெல்ட்டில் போட்டு, நிற்கும் கம்பிகளில் கோடு மேலிருந்து கீழாக ஓடும்படி செய்யச் சொல்லுங்கள், தண்ணீர் உப்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டு இறங்கும். மீதிப் பாதி விடை பட்டறையில் இருக்கிறது. வெல்டிங் சூட்டில் நீலமும் பழுப்புமாகத் தெரியும் நிறத்தின் அடியில் குரோமியம் குறைந்துபோயிருக்கும், அதை பிக்லிங் பேஸ்ட் (அமிலப் பசை) போட்டு எடுக்காமல் மேலோட்டமாக பஃப் மட்டும் அடித்தால் துரு சரியாக அந்த இடத்தில்தான் ஆரம்பிக்கும். காலையில் இரும்பு கேட்டை கிரைண்ட் செய்த அதே சக்கரத்தை மதியம் ஸ்டெயின்லெஸ்ஸில் வைத்தால் இரும்புத்துகள் அதில் பதிந்து, முதல் ஈரத்திலேயே பழுப்புப் புள்ளிகள் வரும். வீடு முடியும் நேரத்தில் டைல்ஸ் கழுவுகிற ஆசிட் ஹைட்ரோகுளோரிக் அமிலம், அது தெறித்தால் புதுக் கைப்பிடி கெட்டுப்போகும், ஆவி பட்டாலும்தான். கைப்பிடியை ஆசிட் கழுவல் எல்லாம் முடிந்த பிறகு மாட்டச் சொல்லுங்கள். பழுப்பு பெரும்பாலும் அழகைத்தான் கெடுக்கும், பலத்தைத் தொடாது. ஆனால் இடுக்குகளில் அதே உப்பு குழி பறிக்க ஆரம்பித்தால் கதை வேறு. அலைத்தூறல் நேராக விழும் இடங்களுக்கு 2205 என்ற டூப்ளெக்ஸ் வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இருக்கிறது, 22 சதவீதம் குரோமியம், 3 சதவீதம் மாலிப்டினம். 316ஐவிட நன்றாகவே தாங்கும், ஆனால் வெல்டிங் தெரிந்த கை வேண்டும். துருவையே அழகாகக் காட்டும் கார்ட்டென் வகை இரும்பைக் கடலோரத்தில் யோசிக்கவே வேண்டாம், உப்பு இருக்கும் இடத்தில் அதன் காக்கும் துருப்படலம் நிலைப்பதில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் ஒரு பக்கம், வடிவம் இன்னொரு பக்கம். எனக்கு வடிவம்தான் பெரிய பக்கம். ஒரே உலோகம், ஒரே பூச்சு, இரண்டு விதமாகச் செய்த படிக்கட்டில் ஒன்று மற்றதைவிட இரண்டு மடங்கு உழைக்க முடியும் என்றே நினைக்கிறேன்.

பாக்ஸ் பைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பார்க்கச் சுத்தமாக இருக்கும், அதனால் எல்லோருக்கும் பிடிக்கும். உள்பக்கத்துக்கு பெயின்ட் கிடையாது. வெல்டிங்கில் ஓர் ஊசித்துளை இருந்தாலும் பகலில் சூடாகிக் காற்றை வெளியே தள்ளும், இரவில் குளிர்ந்து உப்பீரக் காற்றை உள்ளே இழுக்கும். உள்ளே சேரும் தண்ணீருக்குப் போக வழி இல்லை. வெளியே பெயின்ட் புதிது போல இருக்கும்போதே உள்ளிருந்து தின்று முடித்திருக்கும், படியில் கால் வைத்து அமுங்கும்போதுதான் தெரியும். அதனால் பக்கத் தண்டுக்கு (படிகளை இருபுறமும் தாங்கும் சட்டம்) திறந்த சி சேனலோ, 10, 12 மில்லிமீட்டர் கனத் தகடோ போடுவது நல்லது, நான்கு பக்கமும் கண்ணுக்கும் பிரஷ்ஷுக்கும் எட்டும். பாக்ஸ்தான் வேண்டும் என்றால் உள்ளேயும் துத்தநாகம் போகும்படி முக்கியெடுத்து, அடியில் வடிதுளையைத் திறந்தே விடுங்கள். சுழல் படிக்கட்டின் நடுத்தூணுக்கும் இதே கதைதான், அதில் எடை முழுவதும் அந்த ஒரு பைப்பில் இருப்பதால் கவலை கூடுதல்.

அடுத்து, இரும்பு காங்கிரீட்டுக்குள் இறங்கும் இடம். தூணை நேராகத் தரைக்குள் புதைத்து காங்கிரீட் போட்டு மூடினால், தரை மட்டத்தில் ஒரு மெல்லிய இடுக்கு விழும், தண்ணீர் அங்கே நிற்கும், தூண் சரியாக அந்தக் கோட்டில் அறுபடும். பதிலாகத் தரையைவிட உயரமாக ஒரு சிறு மேடை கட்டி, சரிவு கொடுத்து, பேஸ் பிளேட்டை (தூணின் அடித்தகடு) அதன்மேல் கிரவுட் (சிமென்ட் குழைவு) போட்டு ஆங்கர் போல்ட்டால் பிடிக்கலாம். நாளைக்குக் கழற்றவும் முடியும்.

வெல்டிங்கை விட்டு விட்டுப் போடுவது பட்டறைப் பழக்கம், பலத்துக்கு அது போதும் என்பதும் சரியே. ஆனால் விட்ட இடத்தில் இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒரு கோடு இடுக்கு இருக்கிறது. பெயின்ட் அதற்குள் போகாது, உப்புநீர் போகும். துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், உள்ளே வளர வளரத் தகடுகளை நெம்பிப் பிரித்துவிடும். எல்லா இணைப்புக்கும் முழு நீள வெல்டிங் கேளுங்கள். எல் ஆங்கிளின் குழி மேல்பார்த்து நிற்கக் கூடாது, இரண்டு ஆங்கிளை முதுகோடு முதுகு ஒட்டி வைக்கக் கூடாது, தண்ணீர் தேங்கும் எந்த மூலையிலும் ஒரு துளை வேண்டும்.

படித்தட்டுக்கு செக்கர் பிளேட் (வழுக்காமலிருக்க மேடுகள் வைத்த தகடு), தட்டில் காங்கிரீட் நிரப்பியது, கம்பிவலை போன்ற கிரேட்டிங், மரம் என்று வழக்கமான வழிகள் இருக்கின்றன. காங்கிரீட் நிரப்பிய தட்டு நடக்க உறுதியாக இருக்கும், ஆனால் காங்கிரீட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே இறங்கிய உப்புநீர் வெளியே வராது, கடலோரத்தில் நான் தவிர்ப்பேன். செக்கர் பிளேட் என்றால் லேசாக முன்பக்கம் சரிவு. முக்கியெடுத்த கிரேட்டிங்தான் என் முதல் தேர்வு: மழை அதன் வழியே இறங்கி அடியில் இருக்கும் சட்டத்தையும் கழுவிவிட்டுப் போகும். வெறுங்காலுக்கு உறுத்தும் என்பதும், கீழே நிற்பவருக்கு மேலே தெரியும் என்பதும் அதன் குறைகள், குழந்தைகள் இருக்கும் வீட்டில் கண்ணி நெருக்கமானதாக எடுக்க வேண்டும். மரம் போட்டால், செம்பு கலந்த பாதுகாப்பு மருந்து ஏற்றிய மரத்தை நேரடியாகத் துத்தநாகத்தின்மேல் வைக்காதீர்கள், செம்பு துத்தநாகத்தைத் தின்னும். நடுவே சின்ன ரப்பர் துண்டு வைத்து இடைவெளி விட்டால் மரமும் இரும்பும் இரண்டுமே காயும்.

போல்ட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. முழுப் படிக்கட்டையும் முக்கியெடுத்துவிட்டு, கடையில் கிடைத்த பளபளப்பான எலக்ட்ரோ பூச்சு (மின்சாரத்தால் ஏற்றிய மெல்லிய துத்தநாகம்) போல்ட்டைப் போடுவது எல்லா இடத்திலும் நடக்கிறது. அதில் பூச்சு 5 முதல் 10 மைக்ரான்தான். போல்ட்டும் முக்கியெடுத்ததாக இருக்கட்டும், அல்லது 316 ஆக இருக்கட்டும். வெவ்வேறு உலோகம் சேரும்போது பரப்பளவைக் கவனியுங்கள். பெரிய துத்தநாகப் பரப்பில் சின்ன ஸ்டெயின்லெஸ் போல்ட் பெரிய கேடு செய்யாது, நைலான் வாஷர் போட்டால் இன்னும் நல்லது. பெரிய ஸ்டெயின்லெஸ் தகட்டில் சின்ன இரும்பு போல்ட் போட்டால் அந்த போல்ட் மிகச் சீக்கிரம் கரைந்துபோகும்.

என்னைக் கேட்டால் கடலிலிருந்து சில நூறு மீட்டருக்குள் இருக்கும் வீட்டுக்கு, 6 மில்லிமீட்டருக்கு மேல் கனமுள்ள திறந்த சேனலில் சட்டம், முக்கியெடுத்து அதன்மேல் எபாக்சி, பாலியூரித்தேன் பெயின்ட், தனித்தனியாகக் கழற்றும்படி போல்ட் போட்ட கிரேட்டிங் படிகள், கைப்பிடிக்கு மட்டும் மெருகேற்றிய 316 என்பேன். கைப்பிடி தினமும் கை படுகிற, துணியால் துடைக்க எளிதான இடம், விலை கூடினாலும் அங்கே அது பொருந்தும். கம்பிவட ரெய்லிங் கடலோரத்துக்கு அழகாகத் தெரிந்தாலும், முறுக்கிய இழைகளுக்குள்ளும் முனைக் குப்பிக்குள்ளும் உப்பு சேர்ந்து முதலில் பழுப்பேறுவது அதுதான், அதற்குப் பதில் நேர்க்கம்பி போடலாம். ஒரு கிலோமீட்டர் தாண்டி, காற்றும் மறைவாக இருந்தால் முக்கியெடுத்தது மட்டுமே போதும். அலைத்தூறல் வீட்டுமேல் விழும் தூரத்தில் இருப்பவர்கள் தரையோடு தொடும் முதல் சில படிகளையாவது காங்கிரீட்டில் கட்டிவிட்டு ஸ்டீலை அதற்கு மேலே தொடங்குவதை யோசிக்க வேண்டும். வீட்டுக்குள் இருக்கும் படிக்கட்டுக்கு இவ்வளவு பாடு தேவையில்லை, ஆனால் கடல் பார்த்த ஜன்னல் எப்போதும் திறந்திருந்தால் உள்ளேயும் உப்பு வரும், அங்கே மழை இல்லை, ஈரத்துணி மட்டும்தான்.

கழுவுவது என்றால் நல்ல தண்ணீரில், கீழிருந்து மேல்நோக்கியும் பீய்ச்சி, மழை எட்டாத அடிப்பக்கங்களை முக்கியமாக. ஆழ்குழாய்த் தண்ணீரே உப்பாக இருந்தால் அதால் கழுவிப் பயனில்லை. அலைக்கு எதிரே இருந்தால் மாதம் ஒரு முறையாவது வேண்டும், தள்ளி இருந்தால் மழையில்லாத மாதங்களில் மட்டும் செய்தாலும் நல்லது. ஸ்டெயின்லெஸ்ஸை ஸ்டீல் வுல்லால் தேய்க்காதீர்கள், ப்ளீச் கலந்த திரவமும் வேண்டாம், கொஞ்சம் சோப்பும் மென்துணியும் போதும்.

வருடத்துக்கு ஒரு முறை படிக்கட்டுக்கு அடியில் டார்ச்சோடு குனிந்து பார்க்க வேண்டும். பேஸ் பிளேட் ஓரம், வெல்டிங் முனை, போல்ட் தலை, பாக்ஸ் பைப்பின் அடிப்பக்கம். சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், தின்றுபோன இடம் சத்தமில்லாமல் மந்தமாகக் கேட்கும், சந்தேகம் வந்தால் ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். துளை விழுந்த படிமேல் இன்னொரு தகட்டை வைத்து வெல்டிங் செய்து மூடிவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பழைய துருவும் உப்பும் இரண்டு தகடுகளுக்கு நடுவில் அடைபட்டு இன்னும் வேகமாகத் தின்னும், வெளியே ஒன்றும் தெரியாது. அந்தப் படியைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக முக்கியெடுத்த படியை மாட்டுங்கள், அது தாங்கியிருந்த சட்டத்தையும் அப்போதே சுரண்டிப் பார்த்துவிடுங்கள்.